சம்பளம் விழுந்ததும் போனை ஆஃப் பண்ணலாமா? – கடிதம்

அக்கா,
மார்த்தாண்டம் பக்கம் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில மூணு வருசமா ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். துபாய்ல ஒரு வேலை ஏறக்குறைய சரியாயிட்டு. இங்க ரிசைன்னு வாயெடுத்தாலே இன்சார்ஜ் சிஸ்டர் தொடர்ந்து நைட்டா போட்டுத் தள்ளுவாங்க. வேலைக்கு சேரும்போது தந்த ஆர்டர்ல ஒரு மாச நோட்டீஸ்னு இருக்கு. கூட உள்ளவங்க "சம்பளம் விழுந்ததும் போனை ஆஃப் பண்ணிட்டு வீட்ல இரு"ங்காங்க. என்ன செய்ய?
– ஒரு வாசகி, குழித்துறை

மக்ளே,
போனை ஆஃப் பண்ணுன கூட்டத்துல நானும் ஒருத்திதான், அதனால சொல்லுதேன். நாகர்கோவில்ல வேலை பாத்தப்போ கிறிஸ்மஸ் வாரம் ஒரு வார்த்தை சொல்லாம வேலைக்கு போகாம நின்னுட்டேன். நர்சிங் ஸ்டேஷன்ல ஒட்டியிருந்த டூட்டி ரோஸ்டர்ல எனக்கு அஞ்சு நைட்டு, என் பேரை சிவப்பு பேனாவால வெட்டிட்டு கைக்குழந்தைக்காரி ஒருத்தி பேரை எழுதியிருக்காங்க, பால் கட்டி நெஞ்சு வலியோட அவ அந்த அஞ்சு நைட்டும் பாத்தா. பிறகு வடசேரி பஸ் ஸ்டாண்டுல பாத்தப்போ "உனக்க நைட்டெல்லாம் நான்தான்டீ பாத்தேன்"னு சிரிச்சா. ஏசியிருந்தாகூட பரவாயில்ல. மேனேஜ்மெண்டுக்கு ஒரு நட்டமும் இல்ல கேட்டியா, அவங்க எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் தரல, அவ்வளவுதான், அடுத்த இடத்துல ஃப்ரெஷர் சம்பளத்துக்கு திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

உனக்கு இது இன்னும் பெரிய விசயம். துபாய்க்கு டேட்டாஃப்ளோன்னு ஒரு கம்பெனி செய்யுத வெரிஃபிகேஷன் உண்டு, நீ குடுக்கிற பேப்பரை மட்டும் பாக்க மாட்டாங்க, ஆஸ்பத்திரிக்கே நேரா கேப்பாங்க, எந்தத் தேதி சேர்ந்தா, எந்தத் தேதி போனா, என்ன போஸ்ட்னு. அப்போ பதில் எழுதப் போறது நீ ஏமாத்திட்டு வந்த அதே ஹெச்ஆர்தான்.

அதனால லெட்டர் குடு. நாலு வரி போதும், காரணத்துக்கு "சொந்தக் காரணம்"னு எழுது, இன்சார்ஜ் குறையெல்லாம் அதுல கொட்டாத. கடைசி வேலை நாள் எதுன்னு தேதி போட்டு எழுது. ரெண்டு காப்பி எடு, ஒண்ணுல சீலும் கையெழுத்தும் வாங்கு, தர மாட்டோம்னா அன்னைக்கே ஹெச்ஆருக்கு மெயில்லயும் அனுப்பிரு, வாயால சொன்னதுக்கெல்லாம் சாட்சி கிடையாது. ஆனா ஒண்ணு, ஆஃபர் லெட்டர் கைக்கு வராம இதுல இறங்காத, "ஏறக்குறைய"ன்னு எழுதியிருக்கியே, அதுதான் எனக்கு பயம்.

நைட்டு போடுவாங்கதான். ஒரு மாசம் பாத்துரு. லாக்கர் சாவி, ஐடி கார்டு எல்லாம் குடுத்து, பாக்கி ஒண்ணும் இல்லன்னு நோ டியூஸ் பேப்பர் வாங்கு. வேலையில இருந்து விடுவிச்சாச்சுன்னு தர ரிலீவிங் ஆர்டர்ல ஐசியூன்னு இருக்கா, தேதி சரியான்னு அங்க நின்னே வாசி. பிஎஃப்ல எக்ஸிட் தேதி, அதாவது நீ வேலையை விட்ட தேதி, அவங்க போடலைன்னா கடைசி பணம் கட்டி ரெண்டு மாசம் கழிச்சு நீயே போர்ட்டல்ல போட்டுக்கலாம், அதுக்காக யாரு காலையும் பிடிக்காண்டாம்.

சர்டிபிகேட் வந்த சந்தோசத்துல லேமினேட் மட்டும் பண்ணிராத, முத்திரை வாங்க அட்டெஸ்டேஷனுக்கு போகையில உரிச்சுட்டு வாம்பாங்க.