மாரியில் வரலாமா?

அன்புள்ள ஐயா,

என் ஊர் மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாறு. 1990இல், பதினான்கு வயதில் வெளிக்கிட்டவள். இப்போது கணவர், பிள்ளைகளோடு மெல்பேர்னில் இருக்கிறேன். அப்பாவின் செத்தவீட்டுக்கு 2012இல் தனியே வந்து பத்து நாள் நின்றதோடு சரி. மகனுக்குப் பதின்மூன்று வயது, மகளுக்கு ஒன்பது. இருவரும் அம்மம்மாவைக் கைத்தொலைபேசியில்தான் கண்டிருக்கிறார்கள்.

இந்த நத்தாருக்கு ஊருக்கு வர நினைக்கிறோம். இங்கே டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி முடியும்வரை கோடை விடுமுறை. பிள்ளைகளோடு ஒரு மாதம் தங்க வேறு காலம் கிடைக்காது. ஆனால் அம்மா, "மழைக்குள்ள புள்ளயளக் கொண்டு வராத மகள், ஆடி ஆவணியில வா" என்கிறார். தம்பி வெள்ளத்தைச் சொல்கிறான். பிள்ளைகளுக்கு நத்தார் என்றால் வெயில், கடற்கரை, முற்றத்தில் இறைச்சி சுடுவது. "அங்கேயும் கடல் இருக்குத்தானே" என்று கேட்கிறார்கள்.

இன்னொரு விஷயம். என் சின்னம்மாவையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோய்விட்டது. என் பிள்ளைகளுக்கு இதைச் சரியாகச் சொன்னதில்லை. அதனால் 25ஆம் திகதி பின்னேரமே அம்மாவையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய் இரண்டு நாள் நிற்கலாம் என்று யோசிக்கிறோம். நீங்களும் மெல்பேர்னில் இருந்து திரும்பியவர் என்பதால் கேட்கிறேன். நாங்கள் நினைப்பது சரியா?

ஒரு வாசகி,
மெல்பேர்ன்

அன்புள்ள தங்கைக்கு,

வாருங்கள். மாரியிலேயே வாருங்கள். அம்மா சொல்வதில் பொய் இல்லை. அப்படி இருந்தும் வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

எங்கள் கரையில் ஒரு வருடத்துக்குப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் விழுந்துவிடும். மார்கழியில் இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டும், பிறகு ஒருநாள் ஒன்றுமே நடக்காதது போல வெயில் அடிக்கும். 2011 ஜனவரி வெள்ளம் போல ஒன்று வந்தால் வீடு, வயல், பாதை எதுவும் தப்பாது. ஆனால் அது எல்லா வருடமும் வருவதில்லை. குளங்களின் வான் கதவுகளைத் திறந்ததும் வாவிக்கு மேற்கே படுவான்கரைத் தண்ணீர் எல்லாம் வாவிக்குள் இறங்குவதும், வாவி வீங்கி வீட்டு வேலிவரை வருவதும் உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் மிஞ்சினால் பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்து மணலை வெட்டிவிடுவார்கள். மண்நிறத் தண்ணீர் கடலுக்குள் பாய்வதைப் பார்க்கச் சனம் குடையோடு கூடி நிற்கும். ஆடி ஆவணியில் வருகிறவர்களுக்கு இது ஒன்றும் கிடைக்காது. அப்போது வெட்டை காய்ந்து கிடக்கும். பெரும்போக வேளாண்மை பச்சையாக நிற்பது மார்கழியில்தான். ஓட்டமாவடி தாண்டியதிலிருந்து பாதையின் இரண்டு பக்கமும் அந்தப் பச்சையைப் பார்த்தால், ஊர் என்று அம்மா எதைச் சொன்னாள் என்று பிள்ளைகளுக்குக் கொஞ்சமாவது விளங்கும்.

குளிருக்குப் பயப்படவேண்டாம். இங்கே மழை இரவில் 23 பாகைக்கு இறங்கினாலே கிழவர்கள் சுவெட்டரும் கம்பளித் தொப்பியும் தேடுவார்கள். மெல்பேர்ன் குளிர்காலம் கண்ட பிள்ளைகளுக்கு அது வேர்க்கிற காலநிலை. நுளம்புக்குத்தான் கவனம் வேண்டும். மாரியில் டெங்கு கூடும். நல்ல நுளம்பு வலையும் பூசுகிற எண்ணெயும் மறக்காமல் எடுத்து வையுங்கள். திரும்பும் விமானத்துக்கு முன்பு இரண்டு நாளாவது சும்மா கையில் வைத்திருங்கள். பொலன்னறுவைப் பாதையில் கல்லெல்லயில் தண்ணீர் ஏறினால் வாகனங்களை மறித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் காரைத் தண்ணீருக்குள் விடச் சொல்கிற சாரதியை நம்பாதீர்கள்.

பயணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இது முக்கியம். மெல்பேர்னில் இருந்து கட்டுநாயக்கவுக்கு நேரே வருகிற விமானம் பத்தரை, பதினொரு மணித்தியாலம் எடுக்கும். இறங்கியதும் வானைப் பிடித்து ஒரே மூச்சில் கல்லாற்றுக்குப் போகவே எல்லோரும் பார்ப்பார்கள். பிள்ளைகள் பின்சீற்றில் நித்திரையாகி, கண் விழிக்கும்போது அம்மம்மா வீட்டு வாசலில் கிடப்பார்கள். நடுவில் இருந்த நாடு அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். அப்படிச் செய்யாதீர்கள். நீர்கொழும்பில் ஒரு இரவு படுத்தெழும்புங்கள். அடுத்த நாள் விடிய கொழும்பு கோட்டையில் உதயதேவியில் ஏறுங்கள். பகல் ரயில் அது. எட்டு ஒன்பது மணித்தியாலம் இருக்கவேண்டி வரும், பரவாயில்லை. மாகோவில் யாழ்ப்பாணப் பாதையை விட்டுத் திரும்பும். கல்ஓயாச் சந்தியில் திருகோணமலைப் பாதை பிரியும். அதற்குப் பிறகு காடு. இரவு ரயில்களில் யானைகள் அடிபட்டுச் செத்த இடங்கள் அங்கே இருக்கின்றன, 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குக் கிட்ட ஒரே இரவில் ஆறு யானைகள் செத்தன. மகளுக்கு இதைச் சொன்னால் யன்னலை விட்டு எழும்பமாட்டாள். மனம்பிட்டியில் மகாவலி, பிறகு வெலிக்கந்தை, புணானை, வாழைச்சேனை, ஏறாவூர். ஸ்டேஷன் பெயர்ப்பலகைகளை மகளை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.

நான் முதன்முதலாகத் திரும்பி வந்தது 2002 டிசம்பரில், போர்நிறுத்த உடன்படிக்கை வந்த வருடம். மனம்பிட்டியில் அப்போது ஒரே இரும்புப் பாலம்தான், ரயிலும் வாகனமும் அதிலேதான் போகவேண்டும். எங்கள் முறை வரும்வரை மழைக்குள் காத்து நின்றோம். பொதிகளை இறக்கிக் காட்டி ஏற்றி, இறக்கிக் காட்டி ஏற்றி, வீடு வர இரவாகிவிட்டது. இன்றைக்கு அந்த ஆற்றைப் பக்கத்துப் புதிய பாலத்தால் ஒரு நிமிடத்தில் கடக்கலாம். ரயில் அந்தப் பாலத்தில் ஏறும்போது பிள்ளைகளை எழுப்பி, அம்மா ஊரை விட்டுப் போன கதையைச் சொல்லுங்கள். 1990இல் நீங்கள் எப்படிப் போனீர்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த வருடத்தில் இங்கிருந்து போனவர்கள் யாரும் இலேசாகப் போகவில்லை.

மட்டக்களப்பில் இறங்கினால் கல்லடிப் பாலம். 1924இல் கட்டிய பழைய பாலம் அப்படியே நிற்கிறது, 2013இல் இருந்து வாகனங்கள் பக்கத்துப் புதிய பாலத்தில் போகின்றன. நீங்கள் கடைசியாகக் கண்டது பழையதைத்தான். பிறகு காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, ஓந்தாச்சிமடம். அங்கிருந்து வழி உங்களுக்கே தெரியும்.

கடல் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள். டிசம்பரில் கிழக்குக் கடல் குளிக்கிற கடல் இல்லை. பாசிக்குடா கூட அமைதியாவது சித்திரைக்குப் பிறகுதான். குளிக்கத்தான் வேண்டுமென்றால் திரும்பும் வழியில் தெற்கே உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் இரண்டு நாள் நில்லுங்கள், அந்தக் கரையில் அப்போது கடல் நன்றாக இருக்கும். வாவியில் மீன் பாடுவதைக் கேட்கவேண்டும் என்றாலும் இது காலமில்லை. அதற்குச் சித்திரை முதல் புரட்டாதிவரை, நிலவு நாளில், தண்ணீர் அசையாமல் கிடக்கவேண்டும்.

மாரிக்கு மாரியின் நத்தார் இருக்கிறது. மெல்பேர்னில் 24ஆம் திகதி பின்னேரம் பூங்காவில் மெழுகுதிரியோடு கரோல் பாடும்போது சூரியன் மறைந்திருக்காது. பதினொரு நத்தார் அங்கே இருந்தேன், அந்த வெளிச்சம் எனக்குக் கடைசிவரை பழகவில்லை. இங்கே கரோல் பாடுகிற பெடியன்கள் மழைக்குள் நனைந்துகொண்டு இரவு பத்து மணிக்குப் படலையைத் தட்டுவார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கிற வேலையை உங்கள் மகனிடம் விடுங்கள். பாலன் குடிலுக்கு வைக்கோல் நனையாமல் எடுத்து வைக்கவேண்டும். கேக்குக்கு கஜுவும் பூசணித் தோசியும் வெட்டி, ரவை வறுத்து, துண்டுகளை எண்ணெய்த்தாளில் சுற்ற எத்தனை கை இருந்தாலும் போதாது. பிறகு தட்டுகளை மூடிக்கொண்டு அயலுக்குப் போகவேண்டும். ஜனவரி கடைசிவரை லீவு என்கிறீர்கள். அப்படியானால் தைப்பொங்கலுக்கும் நிற்பீர்கள். போன தட்டுகள் பொங்கலோடு திரும்பி வருவதையும் பிள்ளைகள் காண்பார்கள்.

சரி, 26ஆம் திகதிக்கு வருகிறேன். கடிதத்தைக் கடைசியில் நீங்கள் அங்கேதான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள்.

2004 நத்தாருக்கு நான் வருவதாக இருந்தது. "மழைக்குள்ள என்னத்துக்கு மனே, சித்திரைக்கு வா" என்றார் அம்மா. சரியென்று விட்டுவிட்டேன். 26ஆம் திகதி பின்னேரம் மெல்பேர்னில் கூட்டாளி ஒருவரின் வீட்டில், பாகிஸ்தானோடு நடந்த கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே வெயில். ஆட்டத்துக்கு நடுவில் செய்தி வந்தது, முதலில் இந்தோனேசியா என்றார்கள். எங்கள் ஊர்ப் பெயர்கள் வர இரவாகிவிட்டது. நாவலடியில் இருந்த என் பெரியம்மாவும் அவருடைய வீடும் இல்லை. அம்மா கல்லடியில் மேல்மாடி வீடொன்றில் ஏறித் தப்பியிருந்தார். இலங்கையில் 30,000 பேருக்கு மேல், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் என்ற கணக்கெல்லாம் பிறகு வந்தது.

அடுத்த வருடம் நத்தாருக்கு வந்தேன். முதலாம் ஆண்டு நினைவு. அம்மா அந்தக் கரையில் நின்று அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. 24ஆம் திகதி இரவு, நத்தார்த் திருப்பலியில், புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டுக் கொன்றார்கள். ஊர் முழுக்கப் பயம். அது எனக்கு ஒரு காரணமாகப் போய்விட்டது. 25ஆம் திகதியே அம்மாவை வாகனத்தில் ஏற்றி மலைநாட்டில் ஒரு விடுதிக்குக் கொண்டுபோனேன். நல்ல அறை, நல்ல சாப்பாடு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குச் சேலை மாற்றி, கதிரையில் நேராக உட்கார்ந்திருந்தார். எங்கே வெளிக்கிடுகிறீர்கள் என்று கேட்டேன். "இப்ப கோயில்ல பேர் வாசிப்பாங்க. அக்காட பேர வாசிக்கக்குள்ள எங்கட வீட்டில இருந்து எழும்பி நிக்க ஒருத்தரும் இல்ல மனே" என்றார். எழும்பி நின்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இருந்தார்.

தங்கச்சி, நான் செய்த அதே காரியத்தைத்தான் நீங்கள் செய்யப் பார்க்கிறீர்கள். அம்மாவைத் துக்கத்தில் இருந்து தூக்கிக்கொண்டு போகிறோம் என்று நினைத்தேன். அந்த ஒரு நாளில் அவருக்கு இருந்த ஒரே வேலையைப் பறித்துவிட்டேன். அதற்குப் பிறகு அம்மா இருந்தவரை ஒரு 26ஆம் திகதியும் நான் வேறு இடத்தில் இருந்ததில்லை. உங்கள் அம்மா இத்தனை வருடமும் தன் தங்கச்சிக்காகத் தனியாக எழும்பி நின்றிருப்பார். இந்த வருடம் பக்கத்தில் மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் நிற்கட்டும். விடுதிக்கு முற்பணம் கட்டியிருந்தால் போனால் போகட்டும், அல்லது ஜனவரிக்கு மாற்றுங்கள். நுவரெலியா எங்கேயும் போகாது.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்றால், விமானம் ஏறும் முன்பே சொல்லுங்கள். ஊரில் வந்து, அழுகிற பெரியவர்களுக்கு நடுவில் முதன்முதலாகக் கேட்கவிடாதீர்கள். மகனுக்கு 26ஆம் திகதி என்றால் மெல்பேர்னின் எம்.சி.ஜி. கிரிக்கெட் மைதானம் என்று நினைக்கிறேன். அங்கிருந்தே தொடங்கலாம். அந்த அலைக்குப் பிறகு 2005 ஜனவரி 10இல், பாதிக்கப்பட்டவர்களுக்குக் காசு சேர்க்க அதே மைதானத்தில் ஆசிய அணியும் உலக அணியும் விளையாடின. யாருக்காக விளையாடினார்கள் என்று அவன் கேட்பான். சின்னம்மாவின் பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அப்போது என்ன வயது, என்ன விளையாடுவார்கள் என்று சொல்லுங்கள். ஒன்பது வயது மகளுக்கு அவ்வளவு போதும், மீதியை அவளே கேட்கும்போது சொல்லலாம்.

காலை 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். அதற்கு முன்பு கோயிலுக்குப் போய்விடுங்கள். மழை பெய்தாலும் சனம் வரும். கரைக்குப் போனால் பிள்ளைகளின் கையை விடாதீர்கள், அந்த மாதத்தில் கடல் முரடாக இருக்கும். பின்னேரம் வீட்டில் கேக்கும் சாப்பிடலாம், சிரிக்கவும் செய்யலாம். எங்கள் வீடுகளில் அந்த நாளில் இரண்டும் நடக்கும்.

ரயிலுக்கு முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்னால்தான் திறக்கும், நத்தார்க் காலத்தில் கெதியாக முடிந்துவிடும். தம்பியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். புறப்படுவதற்கு முதல்நாள் பாதையில் ரயில் ஓடுகிறதா என்றும் விசாரியுங்கள். 26ஆம் திகதியும் வீட்டில்தான் என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆடி ஆவணிக் கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கமாட்டார்.

பூசைக்கு ஒப்புக்கொடுக்கிற பெயர்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கவேண்டும். மகனுக்குத் தமிழ் எழுதவராவிட்டால், டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது, மூன்று பெயர்தானே, பழக்கிவிடலாம். இந்த முறை அந்தத் துண்டை அவன் எழுதட்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்