ஆளுக்கு அல்ல, நேரத்துக்கு

வேலை விண்ணப்பத்தில் உங்களை 'ஆப்பர்ட்யூன் கேண்டிடேட்' என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. 'ஆப்பர்ட்யூன்' ஆளைச் சொல்லும் சொல் இல்லை. 'ஆப்பர்ட்யூன் மொமென்ட்' என்றால் தோதான நேரம். நேரத்துக்கும், சரியான நேரத்தில் நடக்கும் காரியத்துக்கும்தான் அது பொருந்தும். உங்களுக்கு 'சூட்டபிள்' போதும்.

இந்தச் சொல் பிறந்த கதைதான் அழகு. லத்தீனில் 'ஓப்' என்றால் நோக்கி, 'போர்ட்டுஸ்' என்றால் துறைமுகம். கப்பலைத் துறைமுகத்துப் பக்கம் தள்ளிவரும் காற்றைக் குறித்த சொல் இது. பாய்மரக்காரனுக்கு அதைவிட நல்ல நேரம் ஏது! பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நம்முடைய 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதிலும் காற்றுதான், ஆனால் களத்துமேட்டுக் காற்று.

அப்புறம், நச்சரிப்பதைச் சொல்லும் 'இம்பார்ட்யூன்' இருக்கிறதே, அதுவும் இதே துறைமுகத்திலிருந்து வந்த உறவுக்காரச் சொல்தான்.