கடைசியா வாற ஆளுக்கு ஆர் நிக்கிறது? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்பின் ஐயாவுக்கு,

வணக்கம். கொட்டாஞ்சேனையைப் பற்றி நீங்கள் முந்தி எழுதினதில ‘எங்கட சைக்கிள் கிளப்’ எண்டு ஒரே ஒரு வரி வந்தது, பிறகு அதைப் பற்றி ஒண்டும் இல்லை. அதுதான் கேக்கிறன். நான் சாவகச்சேரி. ஏஎல் முடியும் வரைக்கும் பள்ளிக்கூடம், டியூசன், சந்தை எல்லாத்துக்கும் லேடீஸ் சைக்கிள்தான். கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்த பிறகு விட்டாச்சு. 2022ல பெற்றோல் இல்லாத நேரம் அவர் ஒரு லுமாலா சைக்கிள் வாங்கித் தந்தவர், திரும்ப ஓடத் தொடங்கினன். போன ஞாயிறு ஒரு கிளப்போட பார்லிமென்ட் றோட்டுப் பக்கம் போனன். எல்லாரும் மரியாதையாத்தான் கதைச்சவை, ஆனா கொஞ்ச நேரத்தில முன்னுக்கு ஒருத்தரையும் காணேல்ல. தனியத்தான் திரும்பி வந்தன். கிளப் எண்டா வேகமா ஓடுறவைக்கு மட்டும்தானா? உங்கட கிளப் எப்பிடி இருந்தது, ஏன் இல்லாமப் போனது? சண்டையாலதான் எல்லாம் போச்சு எண்டு அம்மா சொல்லுறா.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து ஒரு வாசகி

அன்பின் பிள்ளைக்கு,

முதல் கேள்விக்கு முதல்ல பதில். இல்லை, வேகமா ஓடுறவைக்கு மட்டும் இல்லை. வேகமா ஓடுறதுக்கு ஒருத்தருக்கு கிளப்பே தேவையில்லை, விடிய எழும்பி தனிய ஓடிட்டு வரலாம். மெதுவா வாற ஆளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போறதுக்குத்தான் கிளப் எண்டு ஒண்டு வேணும். உங்களை விட்டுட்டுப் போனவை கூடாத ஆக்கள் எண்டு நான் நினைக்கேல்ல. அவைக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்ல, எங்களுக்குச் சொல்லித்தர ஆக்கள் இருந்தவை.

நான் சேர்ந்தது எழுபதுகளின்ட நடுவில. அப்ப கொழும்பில சைக்கிள் ஓடுறது ஆர் எண்டு பாத்தா துறைமுகத்தில வேலை செய்யிற கிளார்க்மார், புறக்கோட்டை கடைப் பொடியள், தபால்காரர், பாண்காரர், அச்சுக் கோர்க்கிறவை, பள்ளிக்கூட மாஸ்டர்மார். ஓட வேண்டிய ஆக்கள்தான் ஓடினவை. கிழமையில ஆறு நாள் வேலைக்கு ஓடின அதே சைக்கிளை ஞாயிற்றுக்கிழமை துடைச்சு எண்ணெய் விட்டு எங்களோட கொண்டு வருவினம், றலி, ஹம்பர், ரட்ஜ், அப்பான்ட காலத்துச் சைக்கிள்கள். கிளப்புக்கு எண்டு ஒரு ஒஃபீஸ் இருக்கேல்ல. ஜம்பட்டா வீதிப் பக்கம் இருந்த ஒரு சைக்கிள் திருத்துற கடைதான் ஒஃபீஸ், அந்தக் கடை பாஸ் சிங்கள ஆள், எங்கட ஆக்களோட தமிழிலதான் கதைப்பார், சந்தாக் கணக்கு எழுதுற சீஆர் கொப்பி அவரின்ட லாச்சிக்குள்ளதான் இருக்கும். தமிழர், சிங்களவர், முஸ்லிம் ஆக்கள், கொஞ்சம் பறங்கியர் எண்டு எல்லாரும் இருந்தம்.

அந்தக் காலத்தை நினைச்சா டயர்தான் முதல்ல ஞாபகம் வரும். 1970இல இருந்து 77 வரைக்கும் வெளிநாட்டுச் சாமான் எல்லாத்துக்கும் கட்டுப்பாடு, டயர் டியூப் எடுக்கிறது பெரிய பாடு. டயர் வெடிச்சா எறிய மாட்டம், வெடிச்ச இடத்துக்கு உள்ளால பழைய டயர்த் துண்டு ஒண்டை வெட்டி வைச்சு ஓடுவம், ஓடேக்க அந்த இடம் மட்டும் டக் டக் எண்டு தட்டிக்கொண்டே வரும். டியூப்பில ஒட்டுக்கு மேல ஒட்டு. ஒருத்தனிட்ட நல்ல டயர் இருந்தா அது தூரப் பயணத்துக்குப் போற ஆளுக்கு இரவல் போகும். இதெல்லாம் கஷ்டம்தான், நான் அதைப் பெருமையாச் சொல்லேல்ல, ஆனா ஒருத்தரின்ட சாமானில இன்னொருத்தர் தங்கி இருந்ததால ஒருத்தரை விட்டுட்டு மற்றவர் போக ஏலாத நிலைமை தானா வந்துது.

சட்டம் எண்டு எங்களிட்ட பெரிசா ஒண்டும் இல்லை, ஒண்டே ஒண்டுதான் இருந்தது. கூட்டத்தில ஆர் பலமான ஓட்டக்காரனோ அவன்தான் ஆகக் கடைசியில வரவேணும். பம்ப், சொலூஷன், ஒட்டுத் துண்டு, ஸ்பானர் எல்லாம் அவனிட்டத்தான். ஆருக்கும் காத்துப் போனாலோ செயின் கழண்டாலோ அவன் நிப்பான், அவன் நிண்டா முன்னுக்குப் போறவையும் அடுத்த சந்தியில நிக்கவேணும். நல்லா ஓடுற பொடியனுக்கு அது முதல்ல பெரிய கோவம் வரும், பிறகு அதையே ஒரு பட்டம் மாதிரி வைச்சிருப்பான். நீங்கள் அண்டைக்கு எங்களோட வந்திருந்தா உங்களுக்குப் பின்னால கட்டாயம் ஒருத்தன் வந்திருப்பான்.

போற இடங்கள் எண்டா நீர்கொழும்பு, களுத்துறை, கொஞ்சம் துணிஞ்சா கண்டி. கண்டிக்கு 115 கிலோமீட்டர், கடுகண்ணாவை ஏத்தத்தில கியர் இல்லாத சைக்கிளை முக்கால்வாசிப் பேர் இறங்கித் தள்ளித்தான் ஏத்துவம், அதில ஒரு வெக்கமும் இல்லை. எனக்குப் பிடிச்சது கம்பஹா. அங்க ஹெனரத்கொட தோட்டத்தில 1876ல லண்டன் கியூ தோட்டத்தில இருந்து வந்த றப்பர் கன்றுகளை நட்டவை, இந்த நாட்டு றப்பர் எல்லாத்துக்கும் தொடக்கம் அதுதான். 1888ல டன்லொப் காத்தடிக்கிற டயரைச் செய்யேக்க அந்த மரங்கள் ஏற்கெனவே இங்க வளர்ந்து நிண்டது. சைக்கிளுக்கும் பிறகு காருக்கும் டயர் டயர் எண்டு உலகம் கேக்கத் தொடங்கத்தான் களனி, களுத்துறைப் பக்கம் எல்லாம் றப்பர் தோட்டமாப் போனது. எங்களோட வந்த மாஸ்டர் ஒருத்தர் இதை அந்த மரங்களுக்குக் கீழ நிண்டு சொல்லித் தந்தவர், பாண் சம்பல் பொட்டலத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு கேட்டது, நாங்கள் டயருக்கு அலைஞ்சு திரிஞ்ச காலம் எண்டபடியா இன்னும் நல்லா மனசில பதிஞ்சுது.

ரேஸ் ஓடினவையும் இருந்தவை, இல்லாம இல்லை. 1960ல ரோம் ஒலிம்பிக்கில இலங்கைக்காக சைக்கிள் ஓடின மொரிஸ் குமாரவெல்லின்ட கதையளைப் பெரியவை சொல்லுவினம், பொடியள் வாய் பாத்துக்கொண்டு இருப்பாங்கள். ஆனா எங்கட கிளப்பில ரேஸும் மற்றதும் ஒண்டாத்தான் இருந்தது. சித்திரை வருஷத்துக்கு ஒரு ஓட்டப் போட்டி வைச்சா அடுத்ததா மெதுவா ஓடுற போட்டியும் வைப்பம், கால் நிலத்தில படாமல் ஆகக் கடைசியா வாற ஆளுக்குப் பரிசு, அதுக்குத்தான் சனம் கூட.

இனி ஏன் இல்லாமப் போனது எண்டதுக்கு வாறன். அம்மா சொன்னது சரி, ஆனா அது பாதிக் கதை. சண்டைக்கு முதலே வெடிப்பு விழுந்திட்டுது. 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்து விட்டவை, ஜப்பான் மோட்டர் சைக்கிள் வந்து இறங்கினது, மத்திய கிழக்குக்குப் போன பொடியள் திரும்பி வரேக்க முதல்ல வாங்கினது அதைத்தான். அதில பிழை சொல்ல என்ன இருக்கு, மழையில நனைஞ்சு மிதிச்ச மனுசர். ஆனா வேலைக்கு சைக்கிள் ஓடினவை ஒவ்வொருத்தரா இறங்க இறங்க மிஞ்சினது ரேஸ் பொடியள் மட்டும்தான். அவைக்கு எங்களுக்காக நிக்க நேரம் இல்லாமப் போச்சு, ஞாயிறுப் பயணம் ரெண்டாப் பிரிஞ்சுது, ஒரு பகுதி அஞ்சு மணிக்கு, மற்றது ஏழு மணிக்கு. பாஸின்ட லாச்சியில ரெண்டு கொப்பி வந்தது. கிளப் சாகத் தொடங்கினது அண்டைக்குத்தான் எண்டு நான் இண்டைக்கும் சொல்லுவன்.

பிறகு 83 ஜூலை. அதை நான் இங்க நீட்ட விரும்பேல்ல, கொழும்பில என்ன நடந்தது எண்டு உங்கட வீட்டிலயும் சொல்லியிருப்பினம். எங்கட ஆக்கள் சிலர் முகாமில இருந்து கப்பல்ல காங்கேசன்துறைக்குப் போனவை, சிலர் அங்கால லண்டன், கனடா. பறங்கி ஆக்கள் அதுக்கு முதலே அவுஸ்திரேலியாவுக்குப் போயிட்டினம். பாஸ் ரெண்டு மூண்டு பேரின்ட சைக்கிளைத் தன்ட கடைக்குள்ள பூட்டி வைச்சுக் காப்பாத்தித் திருப்பிக் குடுத்தவர், அதை எழுதாம விட ஏலாது.

தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில இருந்து வந்தவையோட திரும்ப ஒருக்கா தொடங்கிப் பாத்தம். அங்க பெற்றோல் தடை, வைத்தியர், மாஸ்டர், மாப்பிள்ளை பொம்பிளை எல்லாரும் சைக்கிள்தான், பற்றரி இல்லாமல் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட சனம். அப்பிடி ஓடினவை கொழும்புக்கு வந்து செக்பொயின்ட்டில நிண்டினம். தமிழ்ப் பொடியள் அஞ்சாறு பேர் ஒண்டா சைக்கிள்ல போனா ஐசியை எடு, எங்க போறாய், பதிவு இருக்கோ, இதே கேள்வி சந்திக்குச் சந்தி. குண்டுப் பயத்தால சைக்கிளைக் கண்ட இடத்தில விட்டுட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கப் போக ஏலாது. 1996 ஜனவரியில மத்திய வங்கிக் குண்டு வெடிச்ச பிறகு கோட்டைப் பக்க றோட்டுகளும் பூட்டுப்பட்டுது, காலிமுகத்திடலால போய் கோட்டை சுத்தி வாற எங்கட பழைய பாதை இல்லாமப் போச்சு. ரேஸ் ஓட ஆசைப்பட்ட பிள்ளையளுக்கும் வழி இல்லை, நல்ல ஓட்டக்காரர் எல்லாம் ஆமி, எயார்ஃபோர்ஸ், நேவி, பொலிஸ் அணிகளிலதான், வேலையும் சம்பளமும் நல்ல சைக்கிளும் அங்கதான் கிடைக்கும். அந்தக் காலத்தில எங்கட பிள்ளை ஒண்டு அங்க போய்ச் சேர ஏலுமா.

2009க்குப் பிறகு வந்த கிளப்புகள் வேற மாதிரி. ஹெல்மெட், கார்பன் ஃப்ரேம், ஃபோனில வேகம் பாக்கிறது, லட்சக் கணக்கில சைக்கிள். நான் அவையைக் குறை சொல்ல மாட்டன், அவை இல்லாட்டி கொழும்பில ஞாயிற்றுக்கிழமை சைக்கிளே கண்ணில படாது. ஆனா ஒண்டைக் கவனிச்சுப் பாருங்கோ. இங்கிலாந்தில முதல்ல சைக்கிள் பணக்காரரின்ட விளையாட்டுச் சாமான், அந்தப் பெரிய சில்லுச் சைக்கிள். 1885ல ரெண்டு சில்லும் கிட்டத்தட்ட ஒரே அளவில ரோவர் எண்ட சைக்கிள் வந்து, பிறகு டயரும் வந்து, விலையும் மெல்ல மெல்ல இறங்கினாப் போலதான் தொழிலாளரின்ட கைக்கு வந்தது. 1894ல பர்மிங்ஹாமில தொழிலாளர் பக்கம் நிண்ட ஆக்கள் க்ளேரியன் எண்டு ஒரு சோஷலிச வாரப் பத்திரிகையின்ட பேரிலயே கிளப் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை ஊர் ஊராப் போய் பத்திரிகை வித்துக் கூட்டம் வைச்சவை. எங்கட ஊரில கதை தலைகீழ். வேலைக்காரரின்ட சைக்கிள் இப்ப வசதியுள்ளவையின்ட பொழுதுபோக்கு, வேலைக்கு மிதிக்கிற ஆள் இண்டைக்கும் பஸ்ஸுக்கும் கானுக்கும் நடுவில தனிய மிதிச்சுக்கொண்டு போறான், அவனை ஒரு கிளப்பும் கூப்பிடுறேல்ல.

2022ல அந்த ரெண்டு பகுதியும் கொஞ்ச நாள் திரும்பச் சேர்ந்தது. ஜூன் கடைசியில பெற்றோல் 470 ரூவா, அதுவும் இல்லை, அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எண்டு சொல்லிட்டினம். மரீன் டிரைவில காலமை பாத்தா பாங்க் மனேஜரும் மேசன் வேலைக்குப் போற ஆளும் பக்கத்தில பக்கத்தில மிதிச்சினம், சைக்கிள் கடையளில வரிசை, டொலர் ஏறினதால ஒவ்வொரு கிழமையும் ஒரு விலை. அப்ப நாங்கள் பழைய ஆக்கள் சிலர் வெள்ளவத்தையில சேர்ந்து பஞ்சர் ஒட்டப் பழக்கினம், வாட்ஸப் குறூப் ஒண்டும் தொடங்கினது, நல்லா நிறைஞ்சுது. பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் குடுக்கிற கியூஆர் முறை வந்தது, மோட்டர் சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீட்டர், காருக்கு 20. அவ்வளவுதான், சைக்கிள் பல்கனிக்குப் போச்சு. தேவை முடிஞ்சாப் பிறகும் ஆக்கள் வாறதுக்கு வேற ஒரு காரணம் வேணும், அந்தக் காரணம் கூட ஓடுற ஆக்கள்தான். அதைக் கட்டி எழுப்ப அந்த ரெண்டு மூண்டு மாசம் காணாது.

நீங்கள் எழுதினதில எனக்கு ஆக முக்கியமாப் பட்டது கலியாணத்துக்குப் பிறகு விட்டது எண்ட வரி. உங்களை மாதிரி எத்தினை பிள்ளையள் வடக்கில சின்ன வயசில இருந்து ஓடிட்டு கொழும்புக்கு வந்த உடன நிப்பாட்டினவை. இங்க பொம்பிளையள் ஓடுறது குறைவு, பாக்கிற பார்வை, பஸ்காரர் அடிக்கிற ஹோர்ன், சைக்கிளுக்கு எண்டு இடம் விடாத றோட்டு, சைக்கிளை நிப்பாட்ட இடம் இல்லாத ஃப்ளட் வீடு. எங்கட பழைய கிளப்பிலயும் பொம்பிளையள் ஒருத்தரும் இருக்கேல்ல, நாங்கள் கூப்பிடவும் இல்லை, காலம் அப்பிடி. இப்ப ஒரு கிளப் திரும்ப வரவேணும் எண்டா கார்பன் சைக்கிள்காரர் தொடங்கி அது வராது. ஓடத் தெரிஞ்சு ஓடாமல் வீட்டில இருக்கிற உங்களைப் போல ஆக்கள், பள்ளிக்கூடப் பிள்ளையள், வேலைக்கு மிதிக்கிறவை, இவையில இருந்து தொடங்கவேணும். வேகமா ஓடுறவை பிறகு வரட்டும், வந்து பின்னுக்கு நிக்கட்டும்.

அதால கேக்கிறன், வாற மாசம் முதல் ஞாயிறு காலமை ஆறு மணிக்கு வெள்ளவத்தை ஸ்டேசனடியில சந்திப்பமா? மரீன் டிரைவால கொள்ளுப்பிட்டி வரைக்கும், அங்கால காலிமுகத்திடல், அவ்வளவுதான் முதல் நாளைக்கு, வெயில் ஏற முதல் வீட்ட வந்திடலாம். நான் இப்ப மெதுவாத்தான் ஓடுவன், ஆனா பம்பும் ஒட்டுச் சாமானும் என்னட்ட இருக்கும். உங்கட அக்கம்பக்கத்தில ஓடத் தெரிஞ்ச ஆக்கள் ஆர் இருந்தாலும் கூட்டிக்கொண்டு வாங்கோ, எந்தச் சைக்கிள் எண்டாலும் காரியம் இல்லை. கன நாள் நிண்ட சைக்கிள் எண்டா முதல் நாளே பிரேக் கட்டையையும் டயரின்ட பக்கவாட்டு வெடிப்பையும் ஒருக்கா பாக்கச் சொல்லுங்கோ. வேற வாசகர் ஆரும் வாறதெண்டா எழுதுங்கோ, எத்தினை பேர் எண்டு தெரிஞ்சா பின்னுக்கு நிக்க இன்னொரு ஆளையும் பிடிக்கலாம்.