போதை சிகிச்சைக்கு நடுவில் மறுபடி மாத்திரை எடுத்துவிட்டேன். டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது. வலி மாத்திரைப் பழக்கத்திலிருந்து வெளியே வரப் புப்ரெனார்ஃபின் எடுத்துக்கொண்டிருக்கிறார். வாரம் ஒருமுறை மருந்து வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்கிறார். சில மாதம் நன்றாகப் போயிருக்கிறது. இப்போது பழைய நண்பர்களோடு சேர்ந்து டேபென்டடால் என்ற வலி மாத்திரையை எடுத்திருக்கிறார். போதை ஏற வேண்டும் என்று சில நாள் சிகிச்சை மருந்தையும் போடவில்லை. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவாரா, வீட்டுக்குத் தெரிந்துவிடுமா, போலீஸ் வருமா என்று பயப்படுகிறார்.

சொல்லுங்கள். வியாழன் வரை காத்திருக்கவும் வேண்டாம், நாளைக்கே போங்கள். நான் அரசு மருத்துவமனை ஒன்றில் இதே மருந்தைக் கொடுக்கும் மையத்தில் பல வருஷமாகச் செவிலியர். இந்தப் பயத்தோடு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நேரடியாகக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

புப்ரெனார்ஃபின் மூளையில் ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும் வலி மருந்துகள், போதை மருந்துகள்) உட்காரும் இடங்களை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஓரளவுக்குத்தான் தூண்டும். சில நாள் இதைப் போடாமல் வேறு ஓபியாய்டு எடுத்துவிட்டு, அது உடம்பில் இருக்கும்போதே பழைய அளவில் இதைப் போட்டால், அதைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்துவிடும். விலகல் அறிகுறிகள், அதாவது பழகிய போதை திடீரென்று நின்றால் உடம்பு படும் பாடு, மொத்தமும் அரை மணி நேரத்தில் கொட்டிவிடும்.

எங்களிடம் வந்த ஒரு பையன், "எல்லா நாளும் போட்டேன் சிஸ்டர், நல்லா இருக்கேன்" என்றான். வழக்கம்போல் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைத்தேன். அது கரையும்வரை எதிரில் உட்கார வைப்போம். கரைந்து கொஞ்ச நேரத்தில் கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகியது, கையில் மயிர் சிலிர்த்து நின்றது, அப்புறம் வாந்தி. அன்று காலையில்தான் போதை ஊசி போட்டிருந்தானாம். இந்த மருந்துதான் தனக்கு ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு அதன்பிறகு பல வாரம் வரவே இல்லை. முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சில மணி நேரம் பொறுத்து, குறைந்த அளவில் ஆரம்பித்திருப்போம். அவ்வளவுதான் விஷயம்.

"சிறுநீர்ப் பரிசோதனையில் எப்படியும் தெரிந்துவிடும், நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்" என்று சிலர் நினைக்கிறார்கள். வழக்கமான ஓபியேட் பரிசோதனைப் பட்டை மார்ஃபின் வகையைத்தான் தேடும். டேபென்டடால், டிரமடால், ஃபென்டனில் போன்ற செயற்கை ஓபியாய்டுகள் எல்லாம் அதில் பெரும்பாலும் சிக்காது. அறிக்கை சுத்தமாக வரும், டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து அதே அளவை எழுதுவார். உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் அவருக்குத் தெரியும்.

மருந்தை நிறுத்திவிடுவாரா? விவரம் தெரிந்த டாக்டர் நிறுத்த மாட்டார். அவர் முதலில் யோசிப்பது, அளவு போதவில்லையோ என்றுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலே புப்ரெனார்ஃபினைத் தொடர்ந்து எடுப்பவருக்குச் சராசரியாக ஒரு நாளைக்குக் குறைந்தது 8 மில்லிகிராம் வேண்டும் என்கிறது. அதற்கும் கீழே எடுத்துக்கொண்டு, சாயங்காலமானால் உடம்பு குடைகிறது என்று தவிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை ஏறிவிட்டது என்பதற்காக யாரும் இன்சுலினை நிறுத்துவதில்லையே. சில காலம் வாராந்திர மருந்துக்குப் பதிலாகத் தினமும் நேரில் வரச் சொல்லலாம். அலைச்சல்தான், வேலைக்குப் போகிறவருக்கு இன்னும் கஷ்டம். ஆனாலும் சிகிச்சை அறுந்துபோவதைவிட அது எவ்வளவோ மேல். திட்டுகிற டாக்டர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். திட்டினாலும் சொல்லுங்கள். மருந்தையே தர மறுத்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். 14446 என்ற இலவச எண்ணில் அருகிலுள்ள மையத்தைக் கேட்கலாம். நடுவில் சிகிச்சை நின்றுபோகும் காலத்தில்தான் உயிர் போகும் ஆபத்து அதிகம்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். 2017 மனநலச் சட்டத்தில் போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளும் அடங்கும். அதன் 23ஆம் பிரிவு உங்கள் சிகிச்சைத் தகவலை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. விலக்குகள் உண்டு, உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம். உங்களைக் கவனித்துக்கொள்ள நீங்களே நியமித்தவருக்குத் தேவையானதைச் சொல்லலாம். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவும், தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு, பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். நீங்கள் தொடர்ந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எப்படிச் சொல்வது? அம்மாவோ மனைவியோ பக்கத்தில் இருந்தால் வாய் வராது, புரிகிறது. "டாக்டர், ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்" என்று கேளுங்கள், எங்கள் இடத்தில் தினமும் யாராவது கேட்பார்கள். அதுவும் முடியாவிட்டால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், அல்லது மருந்து கொடுக்கும் சிஸ்டரிடமோ ஆலோசகரிடமோ முதலில் சொல்லுங்கள். மன்னிப்பு எல்லாம் வேண்டாம். என்ன எடுத்தீர்கள், எவ்வளவு, கடைசியாக எப்போது, சிகிச்சை மருந்தை எத்தனை நாள் விட்டீர்கள், விழுங்கினீர்களா ஊசியாகப் போட்டீர்களா, கூடவே மது அல்லது தூக்க மாத்திரை இருந்ததா: இவ்வளவு போதும். ஊசி என்றால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மாத்திரையில் இருக்கும் டால்க் போன்ற தூள் ரத்தத்தில் கலந்து நுரையீரலில் போய் அடைக்கும், ஊசியைப் பகிர்ந்திருந்தால் ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் வேண்டும்.

அதுவரை மீதி இருக்கும் மருந்தை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். பழைய பழக்கத்தில் இருந்த அளவுக்கு டேபென்டடாலும் எடுக்காதீர்கள். சில மாத இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், அந்த அளவு இப்போது மூச்சையே நிறுத்தலாம். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம். யாருக்காவது உதடு நீலமாகி, மூச்சு மெதுவாகி, எழுப்பினாலும் எழவில்லை என்றால் உடனே 108.

போடாமல் விட்ட மாத்திரைகள் வீட்டில் இருக்குமே, அவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். குழந்தை வாயில் போட்டால் ஒரு மாத்திரையே ஆபத்து. எத்தனை மீதி என்று டாக்டர் எண்ணிப் பார்த்தால், எங்கிருந்து மறுபடி ஆரம்பிப்பது என்று அவரால் சரியாக முடிவு செய்ய முடியும்.