தாய்ப்பாலில் புற்றுநோய் மருந்து உண்டா?

"தாய்ப்பால் குடித்தால் புற்றுநோய் குணமாகும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குடித்தால் குணமாகாது. ஆனால் அந்தப் பேச்சு வெறும் புரளியிலிருந்து பிறந்ததும் அல்ல.

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கத்தரினா ஸ்வான்போரி குழுவினர் கிருமிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சோதனைக்கு வசதியாக நுரையீரல் புற்றணுக்களை வைத்திருந்தார்கள். தாய்ப்பாலின் ஒரு பகுதியைச் சேர்த்ததும் அந்த அணுக்கள் செத்துப்போயின! தேடியது வேறு, கிடைத்தது வேறு. 1995இல் இதை வெளியிட்டார்கள்.

காரணம் ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற பால் புரதம். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை உருவாகத் துணை நிற்கும் சாதுவான புரதம் அது. தனியாக யாரையும் கொல்லாது. அதைப் பிடித்துவைத்திருக்கும் கால்சியத்தை நீக்கினால் புரதத்தின் மடிந்த வடிவம் சற்றுக் குலைகிறது. அந்த நிலையில் ஒலேயிக் அமிலம், அதாவது ஆலிவ் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைந்துள்ள நிறைவுறா கொழுப்பமிலம், அதனுடன் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கூட்டுக்கு 'ஹாம்லெட்' என்று பெயர். இது புற்றணுக்களைக் கொல்கிறது. முதிர்ந்த நல்ல அணுக்கள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. பசும்பால் புரதத்திலும் இப்படிச் செய்யலாம்.

மனிதர்களிடம்? 2004இல் வெளியான ஆய்வில், ஹாம்லெட்டைத் தோல் மருக்களில் தடவியபோது 20 பேருக்கும் மருவின் அளவு முக்கால் பங்குக்கு மேல் சுருங்கியது. ஒப்பீட்டுக்காகப் போலி மருந்து பெற்ற 20 பேரில் மூவருக்கு மட்டுமே அப்படி. ஹாம்லெட் புரதத்தின் சிறு துண்டு ஒன்றைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளுக்குப் பையினுள் நேரடியாகச் செலுத்தியும் சோதித்திருக்கிறார்கள். தடவுவதும் செலுத்துவதும் வேறு, குடிப்பது வேறு. இணையத்தில் விற்கும் தாய்ப்பாலை வாங்கிவிடாதீர்கள். அதில் கிருமித் தொற்று அபாயம் உண்டு.