கண்காணியும் கங்காணியும்

ஐயா, வணக்கம்.

எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசிய ஒருவர், ‘ரிலிஜன்’ என்ற ஆங்கிலச் சொல் ‘கட்டுதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது, ஆகவே மதம் என்பதே ஒரு தளைதான் என்றார். அவரை மறுத்தவரும் அதே வேரை எடுத்துக்கொண்டு, மனிதனை இறைவனோடு மீண்டும் பிணைப்பதே மதம் என்று வாதிட்டார். யார் சொன்னது சரி? சொல்லின் வேர்தான் அதன் மெய்ப்பொருளா? ப்ரீஸ்ட், சர்ச், பிஷப் ஆகிய சொற்களின் மூலத்தையும் அறிய விரும்புகிறேன். ‘பேகன்’ என்றால் பட்டிக்காட்டான் என்கிறார்களே, அது உண்மையா?

ந., மதுரை

அன்புள்ள ந. அவர்களுக்கு,

உங்கள் கூட்டத்தில் பேசிய இருவருமே அந்த வேரை ஐயத்துக்கு இடமில்லாததாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ரோமானியர்களுக்குள்ளேயே அதில் உடன்பாடு இருந்ததில்லை. கி.மு. 45இல் தெய்வங்களின் இயல்பைப் பற்றி சிசரோ எழுதிய உரையாடல் நூலில், ‘ரெலெகெரே’, அதாவது ஒன்றை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்த்தல் என்ற வினையிலிருந்து அச்சொல் விளக்கப்படுகிறது. சடங்கில் ஏதேனும் பிசகிவிட்டால் அதை முதலிலிருந்து திரும்பச் செய்யும் வழக்கமுடைய ரோமுக்கு அந்த விளக்கம் பொருத்தமானதே. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு கழித்து லக்டான்டியஸ் என்ற கிறித்தவர், கான்ஸ்டன்டைன் பேரரசரின் மகனுக்கு ஆசிரியராக இருந்தவர், சிசரோ சொன்னது தவறு என்று வெளிப்படையாகவே மறுத்து, நாம் கடவுளோடு கட்டுண்டிருப்பதால் ‘ரெலிகாரே’, கட்டுதல், என்பதே மூலம் என்று எழுதினார். இன்றைய மொழியியலாளர்களும் இதில் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. என் கருத்தில், இருவரும் தாம் மதம் என்று எதைக் கருதினார்களோ அதையே சொல்லின் வேரிலும் கண்டெடுத்தார்கள். உங்கள் பேச்சாளர்கள் செய்ததும் அதுதான்.

ஆனால் ‘தளை’ என்றவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. 1200ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் வந்தபோது அச்சொல் குறித்தது, வாக்குறுதிகளால் தம்மைக் கட்டிக்கொண்ட துறவியரின் வாழ்க்கையை. கத்தோலிக்க வழக்கில் இன்றும் ‘ரிலிஜியஸ்’ என்பது துறவியரைச் சுட்டும் பெயர்ச்சொல். பல மதங்களுள் ஒன்று என்ற பொருளில், பன்மையில், அது தாராளமாகப் புழங்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான்.

வேரைக் கொண்டு பொருளை முடிவு செய்ய முடியாது. ஆனால் எந்தச் சொல்லை யார் எதற்காகத் தேர்ந்தார்கள் என்ற வரலாறு வேறு. அதில் சண்டையிட்டவர்கள் உயிரையே இழந்ததும் உண்டு. ‘ப்ரீஸ்ட்’ கிரேக்கத்தின் ‘ப்ரெஸ்புதெரொஸ்’, அதாவது மூத்தவர், என்ற சொல்லின் தேய்ந்த வடிவம். பலியிடும் பூசாரிக்குக் கிரேக்கத்தில் ‘ஹியெரெயுஸ்’ என்று வேறு சொல் இருக்க, ஆங்கிலமோ இரண்டுக்கும் ‘ப்ரீஸ்ட்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 1526இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து வெளியிட்ட வில்லியம் டின்டேல், திருச்சபையின் மூத்தவரைக் குறிக்கும் இடங்களில் ‘ப்ரீஸ்ட்’ என்பதை நீக்கி ‘சீனியர்’ என்று போட்டார். 1534இன் திருத்தப் பதிப்பில் அது ‘எல்டர்’ ஆயிற்று. ‘சர்ச்’ இருக்க வேண்டிய இடத்தில் கூடிய மக்களைக் குறிக்கும் ‘காங்ரிகேஷன்’ வந்தது. அகராதி நோக்கில் பார்த்தால் டின்டேல் பக்கமே நியாயம். ஆயினும் குருமாரும் நிறுவனமும் வேத நூலிலிருந்தே மறைந்துபோவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத கத்தோலிக்க அறிஞர் தாமஸ் மோர், 1529இல் இச்சொற்களைக் குறிப்பிட்டே தாக்கி எழுதினார். இங்கிலாந்து மன்னரைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்ததற்காக மோரின் தலை 1535இல் வெட்டப்பட்டது. மதத் துரோகக் குற்றத்துக்காக டின்டேல் அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸ் அருகே கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். 1604இல் புதிய மொழிபெயர்ப்புக்கு ஆணையிட்ட மன்னர் ஜேம்ஸ், ‘சர்ச்’ என்ற சொல்லை மாற்றக்கூடாது என்பதை விதியாகவே எழுதிக் கொடுக்கச் செய்தார். 1611இல் நூல் வந்தபோது ‘சர்ச்’ திரும்பியிருந்தது. ‘எல்டர்’ மட்டும் தப்பிப் பிழைத்தது.

அந்தச் ‘சர்ச்’, ‘ஆண்டவருக்குரியது’ என்ற பொருளுடைய ‘குரியகோன்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. நம் கத்தோலிக்கர் மாதா கோயில் என்கிறார்களே, கோ, இல் என்று பிரித்தால் ஏறத்தாழ அதே பொருள்தான். இதை வைத்துக்கொண்டு கிரேக்கம் தமிழிலிருந்து பிறந்தது என்று எவரும் கிளம்பிவிட வேண்டாம். கருத்து ஒத்திருக்கிறது, அவ்வளவே.

‘பிஷப்’ என்பதன் மூலம் ‘எபிஸ்கோபோஸ்’, மேற்பார்வையிடுபவர். லத்தீன் வழியாக ஆங்கிலம் சேர்வதற்குள் தலையும் வாலும் உதிர்ந்துவிட்டன. தமிழில் சீர்திருத்தச் சபையார் (புராட்டஸ்டன்டுகள்) நெடுங்காலம் வாசித்த பழைய பைபிள் மொழிபெயர்ப்பில் பிலிப்பியர் நிருபத்தின், அதாவது பிலிப்பி ஊராருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின், முதல் வசனத்தைப் பாருங்கள்: கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும் என்றிருக்கும். அந்தக் கண்காணிதான் எபிஸ்கோபோஸ். புதிய ஏற்பாட்டில் மூப்பர் என்று வருவது ப்ரெஸ்புதெரொஸ். நேர்த்தியான மொழிபெயர்ப்புதான். ஆனால் அதே சொல் கங்காணி என்றாகி, முன்பணம் கொடுத்து ஆள் கட்டி, கூலிகளைக் கடனோடு சேர்த்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனவரின் பெயராகவும் இருந்தது. வேர்தான் மெய்ப்பொருள் என்றால் நுவரெலியாவின் கங்காணி ஒவ்வொருவரும் ஒரு பிஷப் என்றாகிவிடும்.

கடைசியாகப் பேகன், அதாவது கிறித்தவத்துக்கு மாறாமல் பழைய தெய்வங்களை வழிபட்டவர். ‘பாகானுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு முதலில் நாட்டுப்புறத்தான் என்பதே பொருள். நகரங்கள் கிறித்தவத்துக்கு மாறிய பின்னும் பழைய தெய்வங்களைக் கிராமத்தார் விடவில்லை, அதனால்தான் இப்பெயர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அது போதவில்லை. ரோமின் மூதவை (செனட்) மண்டபத்திலிருந்து அகற்றப்பட்ட வெற்றித் தேவதையின் பலிபீடத்தை மீண்டும் வைக்க வேண்டும் என்று பேரரசருக்கு 384இல் விண்ணப்பம் எழுதிய சிம்மாகஸ் கிராமத்தார் அல்லர். ரோம் நகரத்தின் ஆளுநர். பழைய வழிபாட்டுக்காக அன்று வாதாடியவர்களில் அவரைப் போன்ற உயர்குடியினர் பலர். படைவீரர்களின் பேச்சில் பாகானுஸ் என்பதற்குப் படையில் சேராத குடிமகன் என்ற பொருளும் முன்பே இருந்தது. கிறித்தவர்கள் தம்மைக் கிறிஸ்துவின் படைவீரர் என்று சொல்லிக்கொண்டதால் மற்றவர்கள் அவ்வாறு அழைக்கப்பட்டனர் என்றும், பொதுவாக வெளியாள் என்ற பொருளே மதத்துக்குப் பெயர்ந்தது என்றும் கூறுவோர் உண்டு. சிம்மாகஸை வைத்துப் பார்த்தால் ‘வெளியாள்’ என்பதே எனக்குப் பொருந்திவருகிறது.