வேளாவேளைக்குச் சோறு போட்டாலும் அது கொடுமையா?

"அடிப்பதில்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறார்கள். இதையும் முதியோர் கொடுமை என்பது மிகை இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியம்மா வீட்டில் நான்கு நாள் தங்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பெரியம்மாவுக்கு 74 வயது. பெரியப்பா இறந்த மறு வருடமே வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் சத்தமே கிடையாது. தட்டு அவர் அறை வாசல் ஸ்டூலுக்கு வரும். "சாப்பிட வாங்க" என்ற அழைப்பு வராது. அவர் கூடத்துக்கு வந்து ஏதாவது சொன்னால் பேச்சு நின்றுவிடும். அவர் திரும்பிப் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். செல்போனுக்கு ரீசார்ஜ் செய்து இரண்டு மாதமாகிறது. "யாரிடம் பேசப் போகிறாய்?" என்றான் அண்ணன்.

எதைத் தேடினாலும் "நீங்கள்தான் எங்கேயாவது வைத்திருப்பீர்கள்" என்பார் அண்ணி. மூன்றாம் நாள் காலை, அண்ணியே மூக்குக் கண்ணாடியை எடுத்து பிரிட்ஜ் மேல் வைத்ததை நான் பார்த்தேன். மாலையில் பெரியம்மா தேடியபோது அதே பதில்தான். வேண்டுமென்றே செய்தாரா, பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னதா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அன்றிரவு பெரியம்மாவின் தலையணைக்கு அடியில் தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் ஒரு கட்டு இருந்தது. பின்பக்கமெல்லாம் பென்சில் எழுத்து. "8.10. பிரஷர் மாத்திரை போட்டேன்." "கண்ணாடி அலமாரி மேல்தட்டில்." "கேஸை அணைத்தேன், இரண்டு தடவை பார்த்தேன்." எதற்கு இது என்று கேட்டேன்.

"நான் பொய் சொல்லவில்லை என்று எனக்காவது தெரிய வேண்டாமா?"

பிறகு மருத்துவரிடம் அழைத்துப்போனேன். வயதுக்குரிய மறதிக்கு மேல் ஒன்றுமில்லை என்றார்.

நான் மட்டும் யோக்கியனா? வந்த முதல் நாள், பெரியம்மா எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "பெரியம்மா நன்றாகத் தூங்குகிறாரா?" என்று அண்ணியிடம்தானே விசாரித்தேன்!

60 வயதைக் கடந்தவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு கொடுமைக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் மனரீதியான கொடுமையே அதிகம். நம் நாட்டின் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமோ பணம், சொத்து, கைவிடுதல் பற்றித்தான் தெளிவாகப் பேசுகிறது. பராமரிப்பார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அது நடக்காதபோது ரத்து செய்யக் கோர 23ஆம் பிரிவில் வழி உண்டு. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். முகம் கொடுத்துப் பேசாததற்கு எந்தப் பிரிவில் மனு எழுதுவது? இருந்தாலும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் குறித்துவையுங்கள், கட்டணம் கிடையாது.

மனு என்றதும் பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "பெற்ற பிள்ளை மேல் எழுதிக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்?" நான் வற்புறுத்தவில்லை. அது சரியா என்ற சந்தேகம் இன்னும் இருக்கிறது.

இப்போது ரீசார்ஜ் என் பொறுப்பு. இரவு எட்டரைக்கு அழைக்கிறேன். அன்றைய காலண்டர் தாளை வரி விடாமல் வாசித்துக் காட்டுகிறார். நேற்று மாத்திரைக்குக் கீழே, முருங்கைக்காய் விலையைத் திட்டி நான்கு வரி எழுதியிருந்தார்.